சோலை மண்ணும் தேயிலை மண்ணும்: தீசிஸ் தொடங்கும் முன்

மண்ணியல் முதுகலையில் சேர்ந்து, காட்டு மண்ணையும் விவசாய மண்ணையும் ஒப்பிடும் தலைப்பை எடுத்த ஜூனியர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, என்னென்ன பாராமீட்டர் பார்க்கணும்?" என்பதுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பி.எச்., இ.சி., கரிமக் கார்பன், தழை மணி சாம்பல், நுண்ணூட்டம், நொதிகள் என்று இரண்டு பக்கத்துக்குப் பட்டியல் போட்டேன். ஆனால் எந்த இடத்தில், எத்தனை இடத்தில் தோண்டப் போகிறேன் என்பதைப் பற்றி அரைப் பக்கம்கூட யோசிக்கவில்லை. என் ஆய்வில் ஒரு வருடம் வீணானது அந்த அரைப் பக்கத்தால்தான்.

நான் எடுத்த இடம் நீலகிரி. ஒரு சோலைக்காடு (உயர்ந்த மலைகளில் இருக்கும் பசுமைமாறாக் காடு), அதை ஒட்டி ஒரு தேயிலைத் தோட்டம், கீழே கேரட் வயல். மூன்றிலும் பன்னிரண்டு பன்னிரண்டு மாதிரிகள் எடுத்துக்கொண்டு பெருமையாக ஊர் திரும்பினேன். புள்ளியியல் சார் பார்த்துவிட்டு, "ரெப்ளிகேஷன் (மறுபதிப்பு) எத்தனை?" என்றார். "பன்னிரண்டு சார்." "சோலை எத்தனை?" "ஒன்று சார்." "அப்போ ரெப்ளிகேஷனும் ஒன்றுதான்" என்று பேப்பரைத் திருப்பித் தந்தார்.

அவர் சொன்னது சரி. ஒரே சோலைக்குள் பன்னிரண்டு இடத்தில் தோண்டினால், அந்த ஒரு சோலையைப் பற்றி நன்றாகத் தெரியும்; 'சோலை மண்' என்று பொதுவாகப் பேச உரிமை வராது. சூழலியலில் இதைப் போலி மறுபதிப்பு என்பார்கள். ஹர்ல்பர்ட் என்பவர் 1984-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையைத் தீசிஸ் தொடங்கும் முன் படித்திருந்தால் எனக்குப் பஸ் செலவாவது மிஞ்சியிருக்கும். உங்களிடம் நாற்பது மாதிரிக்குத்தான் நேரமும் பணமும் இருக்கிறது என்றால், ஒரே இடத்தில் நாற்பது எடுக்காதீர்கள். ஐந்தாறு தனித்தனிச் சோலைகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே ஒரு தேயிலைத் தோட்டம் என்று ஜோடி ஜோடியாகப் பிடியுங்கள். ஒவ்வொரு இடத்திலும் பல குழி போட்டுக் கலந்து ஒரு கூட்டு மாதிரி எடுத்தால் போதும்.

ஜோடி பிடிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. மண் உருவாவதற்குக் காலநிலை, உயிர்கள், நில அமைப்பு, தாய்ப்பாறை, காலம் என்று ஐந்து காரணிகளை ஹான்ஸ் ஜென்னி 1941-இல் வரிசைப்படுத்தினார். பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறோம் இல்லையா, அதேதான். நம் ஒப்பீட்டில் நான்கு ஒன்றாக இருந்து, தாவரம் மட்டும்தான் மாற வேண்டும். தாய்ப்பாறை பெரும்பாலும் சார்னகைட் என்ற ஒரே வகைப் பாறைதான், அதில் சிக்கல் குறைவு. நில அமைப்புதான் காலை வாரும். சோலைகள் பொதுவாக மலை மடிப்புகளில், ஈரம் தங்கும் பள்ளங்களில் இருக்கும். தேயிலையோ சரிவில் இருக்கும். மேலேயிருந்து அடித்து வரும் மண்ணும் ஈரமும் பள்ளத்தில் சேர்ந்தால் அங்கே கார்பன் அதிகமாகத்தான் இருக்கும். அதை மரத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

இரண்டாவது முறை போனபோது ஒரு தோட்டத்துப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "ஐயா, இந்த இடம் முன்னாடி சோலையா?" என்றேன். சிரித்துவிட்டார். "சோலையா? எங்கப்பா காலத்துல இங்க புல்லுதாம்மா. எருமை மேயும்." அதுவரை நான் எழுதி வைத்திருந்த முன்னுரையில், சோலையை அழித்துத் தேயிலை போட்டதால் கார்பன் போயிற்று என்று ஒரு பத்தி இருந்தது. அந்தச் சரிவில் சோலையே இருந்ததில்லை! நீலகிரியின் உயரத்தில் சோலையும் புல்வெளியும் கலந்துதான் இருந்தன. பிறகு தேயிலை, யூகலிப்டஸ், சீகை (வாட்டில் மரம்) எல்லாம் புல்வெளிகளில்தான் நிறைய ஏறின. ஆகவே நிலத்தின் பழைய கதையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்களிடம் கேளுங்கள், சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோப்போஷீட்டை (நிலவரைபடத்தை)ப் பாருங்கள். வசதி இருந்தால் கார்பன் ஐசோடோப் பார்க்கலாம். மரங்கள் சி3 வகை, வெப்பமண்டலப் புற்களில் பல சி4 வகை; ஒளிச்சேர்க்கை செய்யும் விதம் வேறு என்பதால் இரண்டிலும் கார்பன் ஐசோடோப் விகிதமும் வேறு. எது அங்கே வளர்ந்தது என்பதன் தடம் மண்ணின் கரிமப்பொருளில் நெடுங்காலம் தங்கும். நீலகிரியின் கரி மண் (பீட்) படிவுகளை வைத்து, பல்லாயிரம் ஆண்டுக் காலநிலை மாற்றத்தை சூழலியல் ஆய்வாளர் சுகுமாரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1993-இல் எழுதியது இந்த வழியில்தான்.

அடுத்தது பருமன் அடர்த்தி, அதாவது பல்க் டென்சிட்டி: ஒரு கன சென்டிமீட்டர் மண் காய்ந்தபின் எத்தனை கிராம் என்பது. முதல் பயணத்தில் நான் அதற்கு மண்ணைக் கலைக்காமல் எடுக்கும் உலோகக் குழாயான கோர் சிலிண்டரையே எடுத்துப் போகவில்லை. கனம், கை வலிக்கும், கரிமக் கார்பன் சதவீதம் இருந்தால் போதாதா என்று ஒரு சோம்பேறித்தனம். ஏன் போதாது என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சோலையில் கார்பன் 5 சதவீதம், அடர்த்தி 0.8, தேயிலையில் கார்பன் 4 சதவீதம், அடர்த்தி 1.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்பன் சதவீதம், அடர்த்தி, ஆழம் (சென்டிமீட்டரில்) மூன்றையும் பெருக்கினால் ஹெக்டேருக்கு எத்தனை டன் என்று வரும். 15 செ.மீ. ஆழத்துக்குச் சோலையில் 60 டன், தேயிலையில் 66 டன். சதவீதத்தில் சோலை முந்துகிறது, இருப்பில் தேயிலை முந்துகிறது. எதை நம்புவது?

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். இன்னொரு படி போக வேண்டும். தேயிலை மண் இறுகியிருப்பதால் அதே 15 செ.மீ.க்குள் ஹெக்டேருக்கு 1,650 டன் மண் இருக்கிறது. சோலையில் 1,200 டன்தான். நாம் சம ஆழத்தை ஒப்பிட்டோமே தவிர, சம அளவு மண்ணை ஒப்பிடவில்லை. இரண்டிலும் 1,200 டன் மண்ணுக்குக் கணக்கிட்டால் சோலை 60, தேயிலை 48. இதைச் சம மண் நிறை முறை என்பார்கள். இதற்கு 15 செ.மீ.யோடு நிறுத்தாமல் அடுக்கடுக்காக 30, முடிந்தால் 50 வரை எடுத்திருக்க வேண்டும். கோர் இல்லாமல் போனவளுக்கு இந்தக் கணக்கு எதுவும் போட முடியாது. மறுபடி மலை ஏறினேன்.

கோர் அடிப்பதில் சில சின்ன விஷயங்கள். சோலையில் வேர் மறித்தால் அந்தக் கோரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓரடி தள்ளி அடியுங்கள். மேலே கிடக்கும் இலைச்சருகை முதலில் விலக்கிவிடுங்கள்; அது தனிக் கணக்கு. தேயிலையில் செடிக்கு அடியில் மண் பொலபொலவென்று இருக்கும், கவாத்துச் சருகு விழுந்த இடம். கொழுந்து பறிப்பவர்கள் நடக்கும் தடத்தில் கல் மாதிரி இருக்கும். இரண்டிலும் எடுத்து, பரப்பளவு விகிதத்தில் சராசரி போடுங்கள். கல் இருந்தால் சலித்து எடைபோட்டுக் கழிக்க வேண்டும். இந்த மலை மண்ணில் அடர்த்தி 0.9-க்குக் கீழே வந்தால் பயப்பட வேண்டாம். எரிமலைச் சாம்பலே இல்லாமல், அலுமினியமும் கரிமப்பொருளும் சேர்ந்த கூட்டால் ஆண்டிசால் (பொதுவாக எரிமலைச் சாம்பலில் உருவாகும் இலேசான மண் வகை) பண்பு பெற்ற மண் நீலகிரியில் இருப்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2000-இல் விவரித்திருக்கிறார்கள். எனக்கு இது தெரியாமல் ஓவனைச் சந்தேகப்பட்டு மூன்று முறை காய வைத்தேன்.

லேபுக்கு வந்தால், கரிமக் கார்பனை அளக்கும் வாக்லி-பிளாக் முறை. சமவெளி மண்ணுக்குப் பழகிய கையோடு அரை கிராம் சோலை மண்ணைப் போட்டு, 10 மி.லி. டைகுரோமேட், 20 மி.லி. அடர் கந்தக அமிலம் ஊற்றினேன். ஆரஞ்சு நிறம் உடனே பச்சையாகிவிட்டது. மிஞ்சிய டைகுரோமேட்டை அளக்கும் டைட்ரேஷனுக்கு எதுவும் மிஞ்சவில்லை. இருந்த டைகுரோமேட்டை எல்லாம் மண்ணே தின்றுவிட்டது. மண்ணை 0.1 அல்லது 0.2 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். குறைத்தால் எடைபோடுவதில் பிழை ஏறும், அதனால் நன்றாக அரைத்துச் சலித்து, மூன்று முறை செய்யுங்கள். இந்த முறையில் கார்பன் 77 சதவீதம்தான் ஆக்சிகரணம் அடைகிறது என்று வைத்து 1.3-ஆல் பெருக்குகிறோம். ஜே.ஆர்.எஃப். தேர்வுக்கு இந்த எண்ணைப் படித்திருப்பீர்கள். அது 1934-இல் போட்ட ஒரு சராசரி. எல்லா மண்ணுக்கும் பொருந்தாது, தீ பட்டுக் கரித்துண்டு கலந்த மண்ணுக்குச் சுத்தமாகப் பொருந்தாது. பத்து மாதிரியையாவது, மண்ணை எரித்து மொத்தக் கார்பனை அளக்கும் சி.எச்.என். கருவியில் கொடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அமில மண்ணில் சுண்ணாம்பு இல்லாததால் கருவி காட்டும் மொத்தக் கார்பனே கரிமக் கார்பன்தான். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கரிசல் மண் என்றால் அப்படி எடுக்க முடியாது, கார்பனேட்டைக் கழிக்க வேண்டும். மலைக் காய்கறி வயலில் டோலமைட் (ஒரு வகைச் சுண்ணாம்புக் கல் தூள்) போட்டிருந்தால் அங்கேயும் ஒரு கண் வையுங்கள்.

மணிச்சத்துக்கு லேபில் எப்போதும் கார மண்ணுக்கான ஓல்சன் முறைதான் ஓடும், அதனால் அதிலேயே சேர்த்துவிடத் தோன்றும். அமில மண்ணுக்குப் பிரே முறை போடுங்கள். களிமண் சதவீதம் பார்க்கும்போது கரிமப்பொருளை நீக்கும் பெராக்சைடை ஒரேயடியாக ஊற்றாதீர்கள், சோலை மண் பொங்கி மேஜையெல்லாம் ஓடும். இரும்பு ஆக்சைடு களித்துகள்களை ஒட்டி வைத்திருப்பதால் கையில் மணல் மாதிரி உணர்கிற மண், பிரித்துப் பார்த்தால் களிமண்ணாக நிற்கும். நேரம் எடுத்துக் குலுக்குங்கள்.

வனத்துறை அனுமதியைத் தலைப்பு உறுதியான அன்றே கேட்டுவிடுங்கள். எத்தனை கிலோ மண், எந்த ஆழம், எத்தனை நாள், யார் யார் வருவார்கள் என்று தெளிவாக எழுதினால் இழுத்தடிப்பு குறையும். மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்தே திட்டமிடுங்கள். மாதிரி எடுக்க ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்லது. மழையில் அட்டைக் கடியோடு ஈர மண் சுமந்து பார்த்தாயிற்று. வனக்காவலர் போக வேண்டாம் என்று சொல்லும் பக்கம் போகாதீர்கள். காட்டெருமை நிற்கும் புதரை அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளித்தேர்வாளர் அட்டவணைகளை அதிகம் புரட்டவில்லை. வரைபடத்தை விரித்து, "இந்தத் தோட்டம் முன்னால் என்னவாக இருந்தது?" என்றுதான் முதலில் கேட்டார். எருமைக் கதையைச் சொன்னேன். கால் மணி நேரம் அதிலேயே போயிற்று.

தீசிஸ் முடிந்ததும் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். கட்டுரை அனுப்பி எட்டு மாதம் கழித்து ஒரு மதிப்பீட்டாளர் கூடுதலாக ஐந்து மாதிரிகளுக்குக் கருவி அளவீடு கேட்டார். ஹாஸ்டல் ஸ்டோர் ரூமில் மூட்டை அப்படியே இருந்தது, ஆனால் இரண்டு கவரில் பேனா மை கரைந்து எது சோலை எது தேயிலை என்றே தெரியவில்லை. பென்சிலால் எழுதி, கவருக்குள் கவர் போட்டு, இரண்டுக்கும் நடுவில் லேபிளை வையுங்கள்.