பரிந்துரைச் சீட்டு திரும்பி வந்ததா?

தமிழ்நாட்டில் ஒரு குழந்தை பள்ளிக்குப் போவதற்குள் அதன் பெயரில் எத்தனை எண்கள் சேர்ந்துவிடுகின்றன! அம்மா கருவுற்றதும் பிக்மி என்னும் அரசின் கர்ப்பிணிப் பதிவில் 12 இலக்க ஆர்.சி.எச். (தாய்-சேய் நல) எண். பிறந்ததும் பிறப்புச் சான்றிதழ் எண். அங்கன்வாடியில் போஷன் டிராக்கர் என்னும் ஊட்டச்சத்துச் செயலியில் பதிவு. ஒன்றாம் வகுப்பில் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் எண். மாற்றுத்திறன் இருந்தால் அதற்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டை. பார்ப்பது ஒரே குழந்தையை. பட்டியல் மட்டும் துறைக்கு ஒன்று. பெயர் வைக்காத குழந்தை ஒரு பதிவேட்டில் 'பேபி ஆஃப்' என்று அம்மா பெயரிலும், இன்னொன்றில் வீட்டில் கூப்பிடும் பெயரிலும் இருக்கும். பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது. அங்கன்வாடிப் பதிவேட்டிலும் குழந்தையை மருத்துவரிடம் அனுப்பும்போது தரும் ஒவ்வொரு பரிந்துரைச் சீட்டிலும் தாயின் ஆர்.சி.எச். எண்ணை எழுதிவிட்டால் இந்தச் சிக்கலில் பாதி தீரும். புதுச் செலவு எதுவும் கிடையாது.

குழந்தை பட்டியலிலிருந்து நழுவும் இடங்கள் களத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்தவைதான். முதலாவது தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகும் பெண், குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆனபிறகுதான் புகுந்த வீடு திரும்புகிறாள். இந்த ஊர்ச் செவிலியர் 'வெளியூர்' என்று குறிக்கிறார். அந்த ஊர்ச் செவிலியர் 'விருந்தாளி' என்று நினைக்கிறார். தடுப்பூசி எப்படியோ போட்டுவிடுவார்கள். எடை பார்ப்பதுதான் விட்டுப்போகும். ஊர் மாறும் நாளில் இரு கிராம சுகாதாரச் செவிலியர்களும் போனில் பேசி, பதிவையும் மாற்றிவிட வேண்டும். அடுத்தது மூன்று வயதில் தனியார் நர்சரிக்கு மாறும் குழந்தை. ஆர்.பி.எஸ்.கே. என்னும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரு முறையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வருகிறது. நர்சரிக் குழந்தை இந்த இரண்டிலும் இல்லை. அங்கன்வாடிப் பணியாளர் அந்தப் பெயரை அடிக்காமல் வைத்திருந்து, குழு வரும் நாளில் வீட்டுக்குச் சொல்லியனுப்பினால் போதும்.

எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டியது மெலிந்த குழந்தையின் விஷயத்தில். 6 மாதம் முதல் 59 மாதம் வரை, இடது மேற்கையின் நடுச்சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தாலோ, இரண்டு பாதங்களிலும் வீக்கம் இருந்தாலோ அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் அளக்க வேண்டும், கை தளர்ந்து தொங்க வேண்டும். எடையை உயரத்தோடு ஒப்பிட, இரண்டு வயது வரை படுக்க வைத்து நீளம், அதற்குமேல் நிற்க வைத்து உயரம்; இதை மாற்றிச் செய்தால் சுமார் 0.7 செ.மீ. வேறுபடும். அங்கன்வாடி அளவும் மருத்துவர் அளவும் ஒத்துப்போகாதபோது, 'குழந்தை நல்லாத்தானே இருக்கு' என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அந்தத் தாய் அடுத்த முறை வரமாட்டார். அதனால் சீட்டில் வெறுமனே 'எடை குறைவு' என்று எழுதக் கூடாது. அளந்த தேதி, எடை, நீளம், கைச்சுற்றளவு, வீக்கம் உண்டா, பசி எப்படி, யாருடைய போன் எண் என்ற ஏழும் இருக்க வேண்டும்.

நன்றாகச் சாப்பிடுகிற, வேறு நோய் இல்லாத குழந்தைக்கு வீட்டிலிருந்தே சிகிச்சை தரலாம். பசி இல்லாமலோ காய்ச்சல், வயிற்றுப்போக்குடனோ இருந்தால் மருத்துவமனையில் உள்ள ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தில் சேர்க்க வேண்டும். அங்கே இரண்டு வாரம்கூடத் தங்க நேரிடும். மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, கூலி போனால் என்ன செய்வது என்பதால்தான் பல தாய்மார் மறுக்கிறார்கள். அதை 'ஒத்துழைக்கவில்லை' என்று பதிவேட்டில் எழுதுவது அநியாயம். மூத்த பிள்ளை அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்தால் காலை உணவும் மதிய உணவும் அங்கேயே உண்டு. மாலையில் வைத்துக்கொள்ள ஓர் உறவினரைப் பேசி முடிக்க வேண்டியதுதான் மிச்சம். சேரச் சொல்வதற்கு முன்பே இதைப் பேச வேண்டும்.

வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைக்கு இன்னொரு தொல்லை. சுகாதாரத் துறையின் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்திலும் பயிற்சி, கல்வித் துறையின் வட்டார வள மையத்திலும் பயிற்சி. ஒருவர் என்ன சொல்லித்தந்தார் என்பது மற்றவருக்குத் தெரியாது. தாயிடம் ஒரே நோட்டுப் புத்தகம் கொடுத்து இருவரும் அதில் எழுதினால், பள்ளியில் சேரும்போது சிறப்பாசிரியருக்கும் அதுவே உதவும்.

சேர்ந்து வேலை செய்ய முடியாது என்றில்லை. 2022-ல் உதகையில் தொடங்கிய, தமிழ்நாடு அரசின் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளர்கள் அளந்தார்கள், மருத்துவக் குழுக்கள் பரிசோதித்தன. அந்தப் பழக்கம் மாதந்தோறும் தொடர, கிராம சுகாதார ஊட்டச்சத்து நாளே போதும். தடுப்பூசி முடிந்ததும் அங்கன்வாடிப் பணியாளரும் செவிலியரும் கால் மணி நேரம் உட்கார்ந்து, மருத்துவர் பார்த்த விவரத்துடன் மறுபாதி திரும்பி வராத பரிந்துரைச் சீட்டுகளை மட்டும் பார்க்கட்டும். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி: யார், எந்த நாளுக்குள் அந்த வீட்டுக்குப் போவது. இரண்டு மாதம் தாண்டிய சீட்டு, வட்டார மருத்துவ அலுவலருக்கும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் ஒரே கடிதமாகப் போகட்டும். தனித்தனியாகப் போனால் இருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள்.