ஓட்டு ஊரில், குடியிருப்பு ராமையன்பட்டியில்

நேற்று சாயங்காலம் கட்சிக்காரர்கள் ஐந்தாறு பேர், திருநெல்வேலி ஓரத்து ராமையன்பட்டியில் இருக்கிற எங்கள் தெருவுக்கு வந்தார்கள். எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை, எல்லோரும் இப்படித்தான் வருகிறார்கள். கையில் வாக்காளர் பட்டியல். பெயர் இருக்கிற வீட்டு வாசலில் நின்று பேசுகிறார்கள், பெயர் இல்லாத வீட்டுக்கு ஒரு கும்பிடு மட்டும்தான். பக்கத்து வீட்டு மைனி வாசலுக்கே இறங்கி வந்து, "அண்ணாச்சி, அந்தக் குப்பைக் கிடங்குப் புகைக்கு ஒரு வழி பண்ணுங்க, வெயில் வந்துட்டா பிள்ளைகளுக்கு மூச்சே விட முடியல" என்றார்கள். வந்தவர் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஓட்டு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். "ஊர்ல, ஆலங்குளத்துல." "சரிம்மா, சொல்லுதோம்" என்று நகர்ந்துவிட்டார்.

ராத்திரி முழுக்க எனக்கு அதே நினைப்பு. ஏனென்றால் எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு மேல் இந்தக் கதைதான். பக்கத்துத் தெருவிலும் அப்படித்தான், சங்கரன்கோவில் சாலையின் இரண்டு பக்கமும் வயலும் பொட்டலும் மனையாகி வீடாகிப் போன இடம் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டுக் கடன் இங்கே, பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் இங்கே, மாநகராட்சிக் குப்பைக் கிடங்கில் கோடைக்குக் கோடை பிடிக்கிற தீயின் புகை இங்கே, ஓட்டு மட்டும் ஆலங்குளத்திலோ நாங்குநேரியிலோ விளாத்திகுளத்திலோ இருக்கிறது.

இது என்ன மாதிரித் தொகுதி என்பதையும் பார்க்க வேண்டும். திருநெல்வேலி சட்டமன்றத் தொகுதியில் 2001-ல் நயினார் நாகேந்திரன் ஜெயித்தது 722 ஓட்டில். 2006-ல் அவரே தி.மு.க.வின் மாலைராஜாவிடம் தோற்றது 606 ஓட்டில். 2016-ல் மறுபடி அவர் தி.மு.க.வின் ஏ.எல்.எஸ். லட்சுமணனிடம் தோற்றது 601 ஓட்டில். நடுவில் 2011-லும், பிறகு 2021-ல் அவர் பா.ஜ.க.வில் நின்றபோதும் வித்தியாசம் பெரிசு, 2021-ல் 23,107. ஆக, எப்போதும் இழுபறி என்று சொல்ல முடியாது, ஆனால் 2001-லிருந்து 2021 வரை நடந்த ஐந்து தேர்தலில் மூன்றில் வித்தியாசம் ஆயிரத்துக்கும் கீழே முடிந்திருக்கிறது. தொகுதிக்கு முந்நூறு வாக்குச்சாவடி என்று வைத்துக்கொண்டால் 601 என்பது சாவடிக்கு இரண்டே இரண்டு ஓட்டு. எங்கள் மைனி வீட்டிலேயே நாலு ஓட்டு இருக்கிறது.

என் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குச் சொந்த ஊர் திசையன்விளை பக்கம், இராதாபுரம் தொகுதி. இங்கே வீடு கட்டி வந்த பிறகும் நானும் வீட்டுக்காரியும் ஓட்டை மாற்றவில்லை. அண்ணன் போனில், "ரேஷன் கார்டக்கூட மாத்திக்கோ, ஓட்ட மட்டும் மாத்திராதடே" என்றான். காரணம் சட்டமன்றத் தேர்தல் இல்லை, பஞ்சாயத்துத் தேர்தல். உள்ளாட்சிக்கும் சட்டமன்றப் பட்டியலை வைத்துத்தான் பட்டியல் போடுகிறார்கள். வார்டு மெம்பருக்கு நிற்கிற சித்தப்பா மகன் பத்து ஓட்டில் ஜெயிப்பான், பத்து ஓட்டில் தோற்பான், அதில் எங்கள் இரண்டு ஓட்டு போய்விட்டால் ஊரில் முகத்தில் முழிக்க முடியாது. எல்லோரும் ஓட்டை ஊரில் வைத்திருப்பதற்குப் பாசம், கோயில் கொடை, வரி என்று ஆயிரம் சொல்லலாம், ஆனால் உள்ளே இருக்கிற காரணம் பெரும்பாலும் இதுதான்.

சரி, வைத்திருந்தோம். 2016 மே 16 திங்கட்கிழமை, வாக்குப்பதிவு அன்று, பிள்ளைக்குக் காய்ச்சல். திசையன்விளைக்குப் பஸ் ஏற முடியவில்லை. இரண்டு ஓட்டுதானே என்று விட்டுவிட்டோம். மூன்று நாள் கழித்து முடிவு வந்தது. இராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை வாங்கியது 69,590, தி.மு.க.வின் அப்பாவு வாங்கியது 69,541. வித்தியாசம் 49. அதற்குப் பிறகு அது கோர்ட்டுக்குப் போனது எல்லோருக்கும் தெரியும். பள்ளித் தலைமையாசிரியர்கள் சான்றொப்பமிட்ட 203 தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று தள்ளியது சரியா என்பதுதான் வழக்கின் முக்கியமான கேள்வி. 2019-ல் உயர் நீதிமன்றம் அந்தத் தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது, எண்ணியும் முடித்தார்கள், ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. ஒரு தபால் ஓட்டில் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பதற்கே அவ்வளவு மல்லுக்கட்டு நடந்த இடத்தில், நானும் என் மனைவியும் நூறு கிலோமீட்டர்கூட இல்லாத ஊருக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் யாருக்குப் போட்டிருப்போம் என்பது வேறு விஷயம். அந்த 49-ஐப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு மனசு உறுத்தும்.

தென்காசியைப் பாருங்கள். 2016-ல் அ.தி.மு.க.வின் செல்வமோகன்தாஸ் பாண்டியன் 462 ஓட்டில் காங்கிரஸின் பழனி நாடாரை ஜெயித்தார், 2021-ல் அதே பழனி நாடார் அதே செல்வமோகன்தாஸ் பாண்டியனை 370 ஓட்டில் ஜெயித்தார். நம் சீமையில் இது அடிக்கடி நடக்கிற காரியம்.

ஊரில் ஓட்டு வைத்துக்கொள்வது தப்பா என்று கேட்டால், சட்டம் ரொம்பத் தெளிவாக இருக்கிறது. 1950-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், சாதாரணமாக எங்கே குடியிருக்கிறோமோ அங்கேதான் பெயர் இருக்க வேண்டும் என்கிறது, ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருக்கிறது என்கிற ஒரே காரணத்துக்காக அங்கே குடியிருப்பதாக எடுத்துக்கொள்ள முடியாது என்றும் சொல்கிறது. பூர்விக வீட்டுச் சாவி கையில் இருக்கிறது என்பது கணக்கில் வராது. 2025 கடைசியில் வாக்காளர் பட்டியலுக்கு நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் (எஸ்.ஐ.ஆர்.) அது பலருக்கு உறைத்தது. டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேல் பெயர் நீக்கம், அதில் 66 லட்சம் பேர் குடிமாறிப் போனவர்கள் என்று போட்டிருந்தார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் ஊர்ப் பட்டியலிலிருந்து பெயர் போய்விட்டது, இங்கேயும் சேர்க்கவில்லை. அவர்களுக்கு இப்போது எங்கேயும் ஓட்டு இல்லை. வயசான ஆச்சி ஒருவர், இத்தனை வருஷமாக ஒரு தேர்தல் விடாமல் போட்டவர், "என் பேரை யாருப்பா எடுத்தா?" என்று கேட்டபோது எனக்குப் பதில் சொல்லவே வாய் வரவில்லை.

இந்தப் பக்கத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்கவும் ஆள் இல்லாமல் போவது, ஓட்டு இங்கே இல்லாததனால்தான். கிடங்குப் புகை ஒன்று. 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கேரள மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து கொட்டினார்களே, பசுமைத் தீர்ப்பாயம் சொல்லித்தான் திரும்ப அள்ளிக்கொண்டு போனார்கள். நகரத்தின் ஓரம் என்றால் கொட்டுகிற இடம் என்று நினைப்பு வந்துவிட்டது. அங்கே குடியிருக்கிறவர்கள் பட்டியலில் இருந்தால் அந்த நினைப்பு கொஞ்சமாவது மாறும் என்று நான் முழுசாக நம்புகிறேன்.

நாங்கள் 2021-க்குப் பிறகு மாற்றிக்கொண்டோம். அண்ணன் மூன்று மாசம் சரியாகப் பேசவில்லை, அப்புறம் சரியாகிவிட்டான்.

இன்னும் மாற்றாதவர்களுக்கு: பட்டியலில் பெயரே இல்லை என்றால் படிவம் 6, வேறு ஊரில் இருக்கிறது, இங்கே கொண்டுவர வேண்டும் என்றால் படிவம் 8. போனிலேயே போடலாம், இல்லையென்றால் உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பெயர் சேர்க்க முடியாது, விண்ணப்பத்தை விசாரித்து முடிக்கவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால் அதற்கு நன்றாக முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் இருப்பேன், ஆதாரும் கரண்ட் பில்லும் எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து போடுவோம். மைனி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆச்சிக்கு நானே போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.