எந்த இடத்துல ஃபால்ட்டு?

டிரங்க் கால் டிக்கெட் என்று ஒரு சின்னச் சீட்டு உண்டு. 180-ஐச் சுழற்றி ஒருவர் வெளியூர் காலுக்குப் பதிவு செய்தால், அவருடைய நம்பர், பேச வேண்டிய ஊர், அங்குள்ள நம்பர், எவ்வளவு அவசரம் (ஆர்டினரியா அர்ஜென்ட்டா லைட்னிங்கா), குறிப்பிட்ட ஆளிடம் மட்டும் பேசும் பி.பி. கால் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாவற்றையும் அதில் எழுதிக்கொள்வோம். 1984-ல் மதுரையில் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது சீனியர் அக்கா ஒருவர் நடத்திய முதல் பாடம், கால் கிடைக்காவிட்டால் அதில் என்ன எழுதுவது என்பதுதான். என்கேஜ்டு, நோ ரிப்ளை, பார்ட்டி இல்லை, லைன் ஃபால்ட்டு. இந்த நாலுக்குள் அநேகமாக உலகத்தில் உள்ள எல்லா மௌனமும் அடங்கிவிடும் என்று அப்போது நினைத்திருந்தேன்.

பதிவு செய்தவர்கள் மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். விருதுநகர் பருப்பு, எண்ணெய் வியாபாரிகளுக்கு மட்டும் பொறுமை கிடையாது. காலையிலேயே அர்ஜென்ட் போட்டு மற்ற ஊர் விலையைக் கேட்டுவிட்டுத்தான் கடை திறப்பார்கள். மற்றவர்களுக்கு கால் என்பது சாவு, பிரசவம், வேலை உத்தரவு. லைன் கிடைத்ததும் இரண்டு பக்கமும் கத்துவார்கள். சத்தம் பற்றாதபோது நடுவில் நாங்கள் புகுந்து, "அம்மாவுக்கு இப்ப பரவாயில்லையாம், கிளம்பி வர வேண்டாமாம்" என்று சொல்லிக் கொடுப்போம். மூன்று நிமிடம் ஆனதும், "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். அழுதுகொண்டிருப்பவர்களிடமும் கேட்டிருக்கிறோம், வேறு வழியில்லை.

ஆனால் காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தால் வேறொன்றும் தெரியவரும். "ஐயா இல்லைன்னு சொல்லு" என்று ஐயாவின் குரலே பின்னால் கேட்கும். டிக்கெட்டில் 'பார்ட்டி இல்லை' என்று எழுதுவோம். கடன் கேட்டு அழைத்தவருக்கு அவர் உண்மையிலேயே வீட்டில் இல்லை. மாமியாரைக் கூப்பிட மறந்த மருமகள், "லைன் கிடைக்கலை அத்தை" என்று சொன்னால் அத்தையும் டெலிபோன் துறையைத்தான் திட்டுவார். அந்தக் காலத்தில் எத்தனையோ குடும்பங்களின் பழியை எங்கள் கம்பிகள் சுமந்தன. எங்களுக்கு அதில் வருத்தம் ஏதும் இல்லை. திட்டு வாங்குவதும் சம்பளத்தில் சேர்த்திதான் என்று கேலி பேசிக்கொள்வோம்.

பிறகு ஆபரேட்டர் இல்லாமல் நேரடியாக வெளியூருக்குச் சுழற்றும் எஸ்.டி.டி. வந்தது, தெருவுக்குத் தெரு மஞ்சள் போர்டு பூத்துகள் வந்தன. கட்டணம் குறையும் ராத்திரி நேரத்துக்காக வரிசையில் நிற்பார்கள். கூண்டுக்குள் போனவரின் வாய் பேசும், கண் மீட்டரின் சிவப்பு எண்களில் இருக்கும். "சாப்டியா? சரி, வைக்கட்டுமா?" முடிந்தது. ஊர் போய்ச் சேர்ந்ததைச் சொல்ல ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவதும் உண்டு; காசில்லாமல் செய்தி. மொபைல் வந்த புதிதில் இன்கமிங்குக்கும் காசு பிடித்தார்கள். 2003-ல் அது நின்ற பிறகு அந்த ஒற்றை ரிங் மிஸ்டு கால் ஆகி நாடு முழுக்க ஓடியது.

2000 அக்டோபர் 1-ல் நாங்கள் பிஎஸ்என்எல் ஊழியர்கள் ஆனோம். டிரங்க் போர்டுக்கு வேலை இல்லாமல் போகவே, என்னை ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில் உட்கார வைத்தார்கள். பில் தகராறு, சிம் மாற்றம், முகவரி மாற்றம். 2016-ல் ஜியோ வந்து டேட்டா மலிந்ததும் கவுன்டருக்கு வருபவர்களின் கேள்வியே மாறிவிட்டது. எந்த கம்பெனி சிம்மாக இருந்தாலும் போனை நீட்டி, "இதுல வாட்ஸ்அப் வரலை, பாருங்க" என்பார்கள். அது எங்கள் வேலை இல்லைதான். பார்த்துக் கொடுப்போம்.

அப்படி வந்தவர்களில் ஒரு பெரியவர். மகன் துபாயில். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், பேச முடியாது; பேச்சுக்கு பாட்டிம் என்று தனிச் செயலி. அவருக்கு அது பிடிபடவில்லை. குரலைப் பதிவு செய்து அனுப்ப மட்டும் பேரனிடம் கற்றுக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் வளைகுடாவுக்குக் கேசட்டில் பேசி அனுப்பிய வீடுகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. அந்தப் பழக்கமாகவும் இருக்கலாம். போனை மேசையில் வைத்து, "தாயி, ரெண்டு டிக்கும் நீலம் ஆயிருச்சு. நாலு நாளா பதில் வரலை. எந்த இடத்துல ஃபால்ட்டு? 198-ல எழுதிக்கிறீங்களா?" என்றார். 198 என்பது லைன் பழுதுக்குப் புகார் சொல்லும் எங்கள் பழைய நம்பர்.

வாங்கிப் பார்த்தேன். மேலே மகனின் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்றுகூட வந்து போனது. நெட்வொர்க் சரி, போன் சரி, செய்தி போயிருக்கிறது, கேட்கவும் கேட்டிருக்கிறான். என் நாலு பதிலில் எதையும் எழுத முடியவில்லை. 'பார்ட்டி இருக்கிறார், பதில் இல்லை' என்று எங்கள் டிக்கெட்டில் எழுதும் வழக்கமே இருந்ததில்லை. "அங்க வேலை நேரமா இருக்கும் ஐயா" என்றேன். "நாலு நாளுமா?" என்றார்.

வாட்ஸ்அப் அந்த நீல டிக்கை 2014-ல் கொண்டுவந்தது. வேகம், படம், வீடியோ என்று புது ஊடகத்தின் பெருமைகளை அடுக்குகிறார்கள். எனக்கு அதெல்லாம் பெரிய மாற்றமாகப் படவில்லை. மூன்று நிமிடம் முப்பது நிமிடம் ஆனது, அவ்வளவுதான். நடுவில் இருந்த கம்பி பழியை ஏற்க மறுத்துவிட்டதே, அதைத்தான் பெரிய மாற்றம் என்பேன். பதில் வராவிட்டால் இனி மனிதர்களைத்தான் கோபித்துக்கொள்ள வேண்டும். குரூப்பில் போட்ட கல்யாணப் பத்திரிகையை யார் யார் பார்த்தார்கள் என்று அழுத்திப் பார்த்துவிட்டு, சொந்தத்துக்குள் பேச்சை நிறுத்திக்கொண்டவர்களை எனக்கே தெரியும். பழைய நாளாக இருந்தால் தபால்காரர் தலையில் போட்டிருப்பார்கள்.

ஜனங்களும் சும்மா இல்லை. தொலைந்துபோன சாக்கைத் தங்களுக்குத் தாங்களே செய்துகொள்கிறார்கள். நீல டிக்கை அணைத்து வைக்கிறார்கள். திறக்காமல் மேலே வரும் அறிவிப்பிலேயே படித்துக்கொள்கிறார்கள். போன் பண்ணுவதற்கு முன் "பேசலாமா?" என்று ஒரு மெசேஜ் போடுவது இப்போது மரியாதை, பி.பி. காலில் நாங்கள் செய்த வேலை அது, ஆள் இருக்கிறாரா, பேசத் தயாரா என்று முதலில் கேட்பது.

2020 ஜனவரி 31-ல் விருப்ப ஓய்வில் நாடு முழுக்க 78,000-க்கும் மேற்பட்ட பிஎஸ்என்எல் ஊழியர்கள் ஒரே நாளில் வெளியே வந்தோம். பெங்களூரில் இருக்கும் மகள் சில நாள் என் அழைப்பை எடுப்பதில்லை. மறுநாள் கூப்பிட்டு, "நேத்து நெட்டே சரியில்லைம்மா" என்பாள். அவள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வாங்கிக் கொடுத்ததே நான்தான். "அப்படியா, மழையா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, என்ன சமையல் என்று கேட்பேன்.