கீரி கடித்த மாடு

"தொண்டையில பனங்கொட்டை அடைச்சிருக்கு டாக்டரம்மா, சீக்கிரம் வாங்க" என்றுதான் கானாடுகாத்தான் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து போன் வந்தது. கால்நடை மருத்துவராக நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. போய்ப் பார்த்தால் பசுவின் வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக ஒழுகுகிறது, கம்மிப்போன குரலில் விடாமல் கத்துகிறது. கையுறை வண்டியிலேயே கிடக்க, நான் பாட்டுக்கு நாக்கை இழுத்துப் பிடித்து முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினேன். பனங்கொட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. தொண்டை செயலிழந்து மாட்டால் விழுங்க முடியவில்லை, அவ்வளவுதான். கையை வெளியே எடுக்கும்போதுதான் கல்லூரியில் படித்தது ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியது.

"நாய் ஏதும் கடிச்சுதா அப்பத்தா?" என்று மாட்டுக்காரப் பாட்டியைக் கேட்டேன்.

"நாயெல்லாம் இல்ல ஆத்தா. போன மாசம் கண்மாய்க்கரையில கீரி ஒண்ணு மூக்கைக் கவ்வுச்சு. கீரிக்கு ஏது வெறி?"

மூன்றாம் நாள் மாடு செத்தது. மூளை மாதிரியைப் பரிசோதித்ததில் வெறிநோய் உறுதியானது. முன்பே தடுப்பூசி போட்டிருந்ததால் எனக்கு முதல் நாளும், மூன்று நாள் கழித்தும் இரண்டே ஊசி. வாய்க்குள் கைவிட்டு மருந்து புகட்டிய அப்பத்தாவுக்கு முழுக் கோர்ஸ். அவரோ, "கீரிக்கடிக்கு நாய்க்கடி ஊசி எப்படிக் கேக்கும்?" என்று அடம்பிடித்தார். நியாயமான கேள்வி, அப்போது என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். இந்த வைரஸின் மரபணுத் தொகுதி சுமார் 12,000 எழுத்து, ஐந்தே மரபணுக்கள். நாய்க்குள் நாயாக, வௌவாலுக்குள் வௌவாலாகத் தலைமுறை தலைமுறையாகச் சுற்றும்போது எழுத்துகள் அங்கங்கே மாறிக்கொண்டே வரும். அந்த மாற்றங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் கடித்தது எந்தப் பிராணி என்று தெரியாது, வைரஸ் எந்தப் பிராணியின் கூட்டத்தில் வாழ்ந்து வந்தது என்று தெரியும். இரண்டும் ஒன்றல்ல, எனக்கே அது புரிய நாளானது. அமெரிக்காவில் 2007-லேயே நாய்களுக்குள் சுற்றும் வகையை ஒழித்துவிட்டார்கள், ஆனாலும் வௌவால், அந்த ஊர்க் காட்டுப் பிராணிகளான ரக்கூன், ஸ்கங்க் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வகையை வைத்திருப்பதால் அங்கே நோய் போகவில்லை. தென்னாப்பிரிக்காவில் மஞ்சள் கீரிக்கென்றே ஒரு தனி வம்சம் உண்டு. நம்மூர்க் கீரியிடமும் நரியிடமும் பொதுவாகக் கிடைப்பது தெருநாயின் வைரஸ்தான், இரவல் சரக்கு. மாடு அதற்கு முட்டுச்சந்து, அங்கிருந்து அது வம்சம் வளர்ப்பதில்லை.

ஊசி விஷயமும் அப்படியே. நாய் வகை, வௌவால் வகை, ரக்கூன் வகை எதுவானாலும் வைரஸின் மேலுறைப் புரதம் பெரிதாக மாறுவதில்லை, அதனால் ஒரே தடுப்பூசி எல்லாவற்றுக்கும் கேட்கிறது.

கடைசி ஊசிக்குப் பிறகு ஒருநாள் அப்பத்தா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னேன். வெற்றிலையை மென்றபடி கேட்டுவிட்டு, "அப்ப கீரிக்கே நம்ம தெருநாய்தான் குடுத்திருக்கு" என்றார். நான் அரைமணி நேரம் பேசியது அந்த ஒற்றை வரிதான்.

அந்த வருடம் செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத் தடுப்பூசி முகாமுக்குச் செத்த மாட்டின் கயிற்றில் ஒரு செவலை நாயைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து நின்றார். "யாரு நாயின்னு கேக்காத ஆத்தா, போடு."