உப்புக் காற்றுக்குத் தெரியாத துப்பாக்கிகள்

இன்று காலை வீடியோ காலில் அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா மகன். தோட்டா வைக்கும் மேகஸினைக் கழற்றி, குழலின் பின்னால் தோட்டா நிற்கும் சேம்பரும் காலி என்று காட்டிவிட்டுத்தான் அண்ணன் பிஸ்டலை கேமரா அருகே கொண்டுவந்தார்.

ஏ.எம்.டி. ஹார்ட்பாலர். 1970களின் பிற்பகுதியில் வந்தது. கோல்ட் கம்பெனியின் பழைய 1911 மாடல் பிஸ்டலின் அதே வடிவம், ஆனால் முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதியான ஸ்லைடைக் கழற்றியதும் உள்ளே அது ஓடும் தடம் தெரிந்தது. ஓரிடத்தில் மட்டும் பூனை பிறாண்டியது போல நீளக் கீறல்கள்.

"பழைய ஸ்டெயின்லெஸ் பிஸ்டல்ல இதைத்தான்டா முதல்ல பாக்கணும்" என்றார்.

துரு பிடிக்காத அந்த உலோகத்துக்கு வேறொரு தொல்லை. ஸ்டெயின்லெஸோடு ஸ்டெயின்லெஸ் உரசினால் ஒன்றையொன்று பற்றிப் பிய்த்துக்கொள்ளும். ஆரம்பகால ஸ்டெயின்லெஸ் பிஸ்டல்கள் பலவற்றில் இந்தப் பிரச்சினை இருந்தது. ஸ்லைடுக்கும் அதைத் தாங்கும் கீழ்ப்பகுதியான ஃபிரேமுக்கும் கடினத்தன்மையை மாற்றி வைத்த பிறகுதான் சரியானது. பழசுக்கு இன்றும் நல்ல கிரீஸ் வேண்டும்.

அவரிடம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் 5906 என்ற ஸ்டெயின்லெஸ் பிஸ்டலும் இருக்கிறது. அங்கே போலீஸ்காரர்கள் பிளாஸ்டிக் ஃபிரேம் பிஸ்டலுக்கு மாறியபோது கைமாறி வந்த வகை. கனம் அதிகம். எனக்கு அதுதான் அழகு.

எங்கள் கடலூர் தேவனாம்பட்டினத்தில் கேட் கீலே இரண்டு மழைக்குத் தாங்குவதில்லை. கடலோரத்தில் வளர்ந்தவனுக்கு, நாற்பது வருடம் கழித்தும் பளபளக்கும் இரும்பு சாதாரண விஷயமில்லை.

இங்கே சேகரிக்க வழியில்லை. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இருந்தாலும் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். அது சரியென்றே நினைக்கிறேன். ஆனால் இந்த உலோக வேலையை ரசிக்க லைசென்ஸ் எதற்கு? அடுத்த வாரம் 5906-ஐப் பிரித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.