ட்ரிகரை அழுத்திய பிறகு உருளும் பகடை

ஷூட்டர் கேம்களில் அதிர்ஷ்டம் எவ்வளவு, திறமை எவ்வளவு என்று வாதாடுபவர்கள் பெரும்பாலும் அளவைப் பற்றியே பேசுகிறார்கள். அளவைவிட முக்கியம், பகடை எப்போது உருள்கிறது என்பது. முடிவெடுக்கும் முன்பே உருண்டால், வந்ததை வைத்து ஆடுவதுதான் திறமை. ரம்மியில் கைக்கு வந்த சீட்டு மாதிரி. ட்ரிகரை அழுத்திய பிறகு உருண்டால் ஆடுகிறவர் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

பின்னதற்குத் தெளிவான உதாரணம் டீம் ஃபோர்ட்ரெஸ் 2 (2007). சாதாரண ஆயுதங்களில் ரேண்டம் கிரிட் (தற்செயலாகக் கூடுதல் பலத்தோடு விழும் அடி) விழும் வாய்ப்பு 2 சதவீதத்தில் தொடங்கும். கடைசி 20 விநாடிகளில் 800 டேமேஜ் கொடுத்திருந்தால் 12 சதவீதம் வரை ஏறும். கிரிட் என்றால் மூன்று மடங்கு: 90 டேமேஜ் ராக்கெட் 270 ஆகிவிடும், தூரத்தால் குறையவும் செய்யாது. ஒன்பது கிளாஸ்களில் (பாத்திர வகைகளில்), மருத்துவரான மெடிக் கூட்டித் தந்த ஹெல்த் இல்லாமல் அந்த நேரடி அடியைத் தாங்குவது 300 ஹெல்த் உள்ள ஹெவி மட்டுமே. ஏற்கெனவே நன்றாக அடித்துக்கொண்டிருப்பவருக்கே வாய்ப்பு கூடுவதால், பின்தங்கியவருக்குக் கைகொடுக்கும் ஏற்பாடு என்றும் இதைச் சொல்ல முடியாது. 24 பேர் மோதும் பொது சர்வரில் முட்டுக்கட்டையை உடைக்க இது உதவுகிறது, அங்கே இருந்துவிட்டுப் போகட்டும். போட்டி சர்வர்களில் அணைத்துவிடுகிறார்கள், அதுதான் சரி. பத்துக் குண்டு சிதறும் ஷாட்கன்னுக்கும் அங்கே நிலையான வடிவம் வைக்கிறார்கள். ரேண்டமாக விட்டால், ஒரே தூரத்தில் ஒரே குறியில் சுட்டாலும் ஒருமுறை நான்கு படும், மறுமுறை ஏழு படும்.

அதற்காக ஸ்ப்ரெட் (குண்டுச் சிதறல்) என்றாலே கெடுதல் என்று ஆகாது. கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் இரண்டு தனித்தனி விஷயங்கள் நடக்கின்றன. ரீகாயில் பேட்டர்ன் (தொடர்ந்து சுடும்போது துப்பாக்கி உதைத்து நகரும் விதம்) நிலையானது: ஏகே-47 முதலில் மேலே ஏறும், பிறகு பக்கவாட்டில் அலையும், அதே வரிசையில்தான் எப்போதும். பழகினால் மவுஸை எதிர்ப்பக்கம் இழுத்துச் சமாளிக்கலாம். அதன் மேல் சிறிய ரேண்டம் சிதறலும் உண்டு. அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது ஆடுகிறவர் கையில் இருக்கிறது. ஏகேயோடு ஓடும் உச்ச வேகம் விநாடிக்கு 215 யூனிட். அதில் 34 சதவீதத்துக்கு, அதாவது ஏறக்குறைய 73-க்குக் கீழே வந்துவிட்டால், ஓட்டத்தால் வரும் சிதறல் போய்விடும். இடது பக்கம் ஓடும்போது வலது கீயை ஒரு தட்டுத் தட்டி நின்று சுடுவது இதற்காகத்தான். பகடை இருக்கிறது, ஆனால் அதைச் சிறிதாக்கும் வழி தெளிவாக இருக்கிறது.

ஹேலோ ரீச்சில் (2010) இதே எண்ணம் சறுக்கியது. வேகமாகச் சுடச் சுட டிஎம்ஆர் என்ற ரைஃபிளின் குறிவட்டம் விரியும், நிறுத்தி நிதானமாகச் சுட்டால் சுருங்கும். நிதானத்துக்குப் பரிசு கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் நெருங்கிய சண்டையில் எதிராளியின் உடல் அந்த விரிந்த வட்டத்தையே அடைத்துக்கொள்ளும். சரமாரியாகத் தட்டுபவர், பொறுமையாகச் சுடுபவரை முந்திவிடுவார். 2011 டைட்டில் அப்டேட்டில் இந்த விரிவை 85 சதவீதமாகக் குறைத்தார்கள், அடியோடு இல்லாத மோடும் வந்தது. பொறுமைக்குக் கிடைக்கும் லாபம் அவசரத்துக்குக் கிடைக்கும் லாபத்தைவிடப் பெரிதா என்று ஒவ்வொரு தூரத்திலும் கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

அந்தக் கணக்கில் பலர் வழுக்கும் இடம் ஒன்று. ஸ்ப்ரெட் கூம்பின் அரைக்கோணம் 0.25 டிகிரி என்று வையுங்கள். 50 மீட்டரில் அது ஏறக்குறைய 22 செ.மீ. ஆரமுள்ள வட்டம். தலையை 12 செ.மீ. ஆரமுள்ள வட்டமாக எடுத்து, சரியாக அதன் நடுவில் குறிவைத்துச் சுடுவோம். குண்டு வட்டம் முழுக்கச் சீராக விழுந்தால் தலையில் படும் வாய்ப்பு 30 சதவீதம். ஆனால் கேமின் நிரலில் (கோடில்) திசைக்கு ஒரு ரேண்டம் எண், ஆரத்துக்கு 0 முதல் உச்சம் வரை இன்னொரு ரேண்டம் எண் என்று எழுதிவிட்டால் குண்டுகள் நடுவில் குவிந்து, வாய்ப்பு 55 சதவீதம் ஆகிவிடும். சீராக வேண்டுமென்றால் 0 முதல் 1 வரையிலான ரேண்டம் எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்து உச்ச ஆரத்தால் பெருக்க வேண்டும். ரைஃபிளுக்கு நடுவில் குவிவதே நல்லது, சரியாகக் குறிவைத்தவருக்குப் பலன் அதிகம். எதுவானாலும் தெரிந்து தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும்.

கடைசிவரை பிழைத்திருப்பவர் ஜெயிக்கும் பேட்டில் ராயலில் லூட்டும் (மேப்பில் கிடைக்கும் ஆயுதங்கள்) சோனும் (சுருங்கிக்கொண்டே வரும் பாதுகாப்பு வட்டம்) பெரிய பகடைகள்தான், ஆனால் முன்னால் உருள்பவை. அபெக்ஸ் லெஜெண்ட்ஸில் அடுத்த ரிங் (அங்கே சோனுக்குப் பெயர்) எங்கே என்று முன்கூட்டியே காட்டும் கருவிகள் மேப்பில் இருக்கின்றன. அவற்றைத் திறக்கத் தெரிந்த லெஜெண்டை (பாத்திரத்தை) அணியில் எடுப்பதா வேண்டாமா என்பதே ஒரு உத்தி ஆகிவிடுகிறது. அதிர்ஷ்டத்தைத் தகவலாக மாற்றிக்கொடுப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மீதி அதிர்ஷ்டத்தைக் கரைப்பது ஆட்டத்தின் நீளம். ஒரு ரவுண்டில் ஜெயிக்க 55 சதவீத வாய்ப்புள்ள அணி, முதலில் 16 ரவுண்டு எடுப்பவருக்கே வெற்றி என்றால் சுமார் 71 சதவீதம் ஜெயிக்கும். முதலில் 13 என்றால் 69. 2023-இல் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 இந்தச் சுருக்கத்தைச் செய்தபோது நிறையப் பேர் பயந்தார்கள், ஆனால் இந்தக் கணக்கில் இழப்பு சிறிதே. (ஓவர்டைமையும், முந்தைய ரவுண்டின் பணம் அடுத்த ரவுண்டைப் பாதிப்பதையும் இதில் சேர்க்கவில்லை.) மூன்று மேப்பில் இரண்டு என்று வைத்தால் அதே அணிக்கு 77 சதவீதம் வந்துவிடும். நீளமான மேட்ச்சைவிடக் கூடுதல் மேப் நன்றாக வேலை செய்கிறது.

சொந்தமாக கேம் செய்பவர்களுக்கு இரண்டு வேலை. ஸ்ப்ரெட்டின் ரேண்டம் சீடை (seed, ரேண்டம் எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்) ஆடுகிறவரின் கணினியால் கணித்துவிட முடியாமல் சர்வரிலேயே வையுங்கள். இல்லாவிட்டால் சிதறலை முன்கூட்டியே கணக்கிட்டுச் சரிசெய்யும் நோ-ஸ்ப்ரெட் ஏமாற்று மென்பொருள்கள் வந்துவிடும், சோர்ஸ் எஞ்சின் கேம்களில் நடந்தது அதுதான். அடுத்தது சோதனை. பதிவான ஒரு சண்டையை எடுத்து, இரண்டு பேரின் மவுஸ், கீபோர்டு உள்ளீடுகளை அப்படியே வைத்துக்கொண்டு, சீடை மட்டும் மாற்றி ஆயிரம் முறை ஓட்டுங்கள். ஜெயித்தவர் எத்தனை முறை மாறுகிறார் என்று எண்ணுங்கள். 5, 15, 30, 50 மீட்டர் தூரத்துக்குத் தனித்தனியாக. எந்த தூரத்தில் அந்த எண் திடீரென்று எகிறுகிறதோ, அந்த ஆயுதத்தின் ஸ்ப்ரெட்டை அங்கிருந்து திருத்தத் தொடங்கலாம்.