கணக்குச் சொன்னது வீதி, கிண்ணியா சொன்னது ஐஸ்

போன கிழமைதான் ஆய்வறிக்கையைக் கொடுத்து முடித்தேன். திருகோணமலைக் கரையில் இறங்கும் மீன் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள பேலியகொடை மொத்தச் சந்தைக்குப் போய்ச் சேருவதற்குள் எங்கே தடைப்படுகிறது என்பதுதான் கேள்வி. அதை ஒரு வலைப்படமாக வரைந்தேன்: கரையோர மீன் வாடி, ஐஸ் போட்டு அடுக்கும் இடம், சந்தை எல்லாம் கணுக்கள் (புள்ளிகள்), லொறி ஓட்டங்கள் அவற்றுக்கிடையேயான இணைப்புகள். மற்றதை உச்சப் பாய்ச்சல், குறைந்தபட்ச வெட்டுத் தேற்றம் பார்த்துக்கொள்ளும்: தொடக்கத்தையும் முடிவையும் பிரிக்கும் வெட்டுகளில் கொள்ளளவு மிகக் குறைந்தது எதுவோ, அதற்கு மேல் எதுவும் பாயாது; அந்த வெட்டு விழும் இடமே தடை. போர்ட், புல்கர்சன் என்ற கணிதவியலாளர்கள் 1956இலேயே அந்த வழியைக் காட்டிவிட்டார்கள்.

என்னை அலைக்கழித்தது தரவு. மீன் இறங்கிய கணக்குக் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று தடவை போனேன். முதல் நாள், கடிதத்தில் துறைத் தலைவரின் ஒப்பம் இல்லையென்று திருப்பிவிட்டார்கள். ஒப்பத்தோடு போன நாளில் கோப்பு அறையின் திறப்பு லீவில் நின்றவரிடம். மூன்றாம் தடவை போட்டோக் கொப்பி கையில் கிடைத்தது. அதில் சில வரிகள் கிலோவில், சில வரிகள் பெட்டியில். ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி ஒன்றில் எத்தனை கிலோ என்று கேட்டால், "அது பெட்டியைப் பொறுத்தது தங்கச்சி" என்றார் அங்கிருந்த அலுவலர். ஐஸ் போடும் இடங்களுக்கு நேரே கட்டங்கள் வெறுமையாகவே கிடந்தன.

அந்த வெறுமைதான் என் இரண்டு கிழமையைத் தின்றது. நான் பயன்படுத்திய நெட்வொர்க்எக்ஸ் என்ற பைதன் நிரல் தொகுப்பு, கொள்ளளவு எழுதாத இணைப்பை எல்லையில்லாதது என்று எடுத்துக்கொள்ளும். பிழை என்று ஒரு சொல்லும் காட்டாது. வெட்டு அங்கே விழவே முடியாது. எண் இருந்த ஒரே இடமான கந்தளாய் வீதி லொறி ஓட்டத்தில் போய் விழுந்தது. "வீதிதான் தடை" என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன்.

திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கிண்ணியாவில் மீன் ஏற்றி அனுப்பும் ஒரு நானாவிடம் அதைச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "பாதையில லொறி காத்துக் கிடந்த காலத்தில சொல்லியிருந்தா சரி. 2009ல பாலம் திறந்தாச்சு. இப்ப ஐஸ் இல்லாட்டி லொறி வந்து என்ன செய்ய?" வாகனம் ஏற்றும் மிதவையை இங்கே பாதை என்றுதான் சொல்வோம்.

அப்புறம் எல்லாவற்றையும் திருப்பிச் செய்தேன். ஐஸ் போடும் இடத்தின் கொள்ளளவு கணுவுக்கு உரியது, ஆனால் இந்த முறை இணைப்பின் கொள்ளளவை மட்டுமே வாசிக்கும். அதனால் அந்தக் கணுவை உள்ளே, வெளியே என்று இரண்டாக உடைத்து, நடுவில் ஓர் இணைப்புப் போட்டு, கொள்ளளவை அதில் எழுத வேண்டும். ஐஸ் அளவை மீனாக மாற்ற, வெப்ப நாடுகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கிலோவுக்குக் கிலோ விகிதத்தை வைத்தேன். வெட்டு நேராக ஐஸில் விழுந்தது. அன்று இரவு எனக்கு நித்திரையே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இதே வேலையில் இறங்குபவர்கள் ஆண்டுச் சராசரியை மட்டும் நம்ப வேண்டாம். வைகாசி, ஆனியில் கடல் அமைதி, மீன் குவியும், ஐஸ் போதாது. கார்த்திகை, மார்கழியில் கொந்தளிப்பு, மீனே குறைவு, ஐஸ் மிஞ்சும். இரண்டையும் கலந்தால் எந்தத் தடையும் தெரியாது. நான் இரண்டு பருவத்துக்கும் தனித்தனியாக ஓட்டினேன். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதிலிருந்துதான் வந்தது.